தாங்கியைச் சுற்றி ஒரு நடை

பரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் புதிதாக அறிமுகமாகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "அக்கா, நீங்கள் என்ன வேலை செய்து பென்சன் எடுத்தனீங்கள்?" ஹோட்டல் அறை துப்புரவு, உணவகத்துச் சமையலறை, பிள்ளை பார்ப்பது, இவற்றில் ஏதாவது ஒன்றைச் சொல்வேன் என்ற எதிர்பார்ப்பு அவர்கள் முகத்திலேயே இருக்கும். "ட்ரக்டருக்கு டீசல் ஊத்தி வைக்கிற தாங்கியளைப் பாக்கிற வேலை" என்பேன். ஒரு கணம் முழிப்பார்கள். பிறகு பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். பரிஸில் ஏது ட்ரக்டர்?

பரிஸில் இல்லைதான். ஆனால் எங்கள் வேலை வான் வண்டி நெடுஞ்சாலையில் ஏறிக் கிழக்கே கொஞ்ச நேரம் ஓடினால் போதும், கோதுமையும் சீனிக்கிழங்கும் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. நடுவே சின்னச் சின்னப் பண்ணைகள். ஒவ்வொரு பண்ணையிலும் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு டீசல் தாங்கி. அறுவடை நேரத்தில் ட்ரக்டரை ஓட்டிக்கொண்டு பட்டணத்து எண்ணெய் நிலையத்துக்குப் போக முடியாது. கமக்காரன் தன் டீசலைத் தன் வளவிலேயே வைத்திருக்க வேண்டும். அந்தத் தாங்கிகளைச் சோதிப்பது, உள்ளே இறங்கித் துப்புரவாக்குவது, பழுதானதைக் கழற்றிவிட்டுப் புதியதை வைப்பது, இதுதான் என் தொழில்.

போன வசந்தத்தில் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் குகன் என்னைக் கடைக்குள் கூப்பிட்டான். முகம் முழுக்கச் சந்தோசம்.

"அக்கா, பரிஸுக்கு வெளியிலை ஒரு துண்டுக் காணி எடுத்திட்டன். கீரை, பூசணி, மிளகாய் எல்லாம் இனி நானே போடப்போறன். பழைய ட்ரக்டர் ஒண்டும் வாங்கியாச்சு."

"நல்லது தம்பி. டீசலை எங்கை வைக்கிறாய்?"

"அதிலை ஒரு பிரச்சினையும் இல்லை. வெள்ளைப் பிளாஸ்ரிக் பெட்டித் தாங்கி ஒண்டு சும்மா கிடைச்சுது. கிணத்தடியிலை வச்சிருக்கிறன். தண்ணிப் பைப்பும் கிட்ட, கை கழுவலாம்."

"வெயில் படுமோ?"

"நல்லாப் படும்."

"வெயில் பட்டுப் பட்டு அந்தப் பிளாஸ்ரிக் ஒருநாள் பிளக்கும். பிளந்தால் டீசல் முழுக்கக் கிணத்துக்கைதான். பிறகு உன்ரை கீரையை வாங்கிக்கொண்டு போற சனம் கறி வைக்கிறதோ, விளக்கு எரிக்கிறதோ?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவனோடு போய் அந்தப் பெட்டியை அப்புறப்படுத்தினேன். பிறகு வந்த வாரங்களில், கிணற்றிலிருந்து தள்ளி, நிழலில், சீமெந்துத் தளம் போட்டு, இரட்டைச் சுவர்த் தாங்கி ஒன்றை வைப்பித்தேன். இரட்டைச் சுவர் என்றால் ஒரு தாங்கிக்குள் இன்னொரு தாங்கி. உள்ளே இருப்பது கசிந்தாலும் வெளியே இருப்பது பிடித்துக்கொள்ளும். அது முடிந்து திரும்பி வரும் வழியில் குகன் கேட்டான். "அக்கா, உதெல்லாம் எங்கை படிச்சனீங்கள்?" வாகனத்துக்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

பரிஸை ஒட்டிய ஒபர்வில்லியேயில் மொத்த வியாபாரக் களஞ்சியங்களுக்கு நடுவே தாங்கி வேலை செய்யும் ஒரு பட்டறை. அதன் அலுவலக அறைகளைத் துடைக்கும் வேலைக்குத்தான் நான் முதலில் போனேன். முதலாளி மதாம் ஒதில். கணவர் தொடங்கிய தொழில். அவர் இறந்த பிறகு விற்றுவிடுவார் என்று எல்லோரும் நினைத்தார்களாம். அவர் விற்கவில்லை. உயரமான மனுசி. நரைத்த தலைமயிரைக் குட்டையாக வெட்டியிருப்பார். முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை என்னை "நீங்கள்" என்றுதான் கூப்பிட்டார். "மதாம் மலர்" என்பார்.

ஒரு காலையில் முற்றத்தில் ஒரு பழைய இரும்புத் தாங்கியைச் சுற்றி ஆண்கள் நின்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக உள்ளே இறங்குகிறவர் வேலையை விட்டுப் போய்விட்டார். மற்றவர்கள் எல்லோரும் தோள் அகன்ற ஆட்கள். தாங்கியின் மேல்வாயில் ஒருவர் கையையும் தலையையும் விட்டுப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தார். நான் வாளியோடு அந்தப் பக்கமாகப் போனேன். மதாம் ஒதில் என் தோளைப் பார்த்தார். பிறகு தாங்கியின் வாயைப் பார்த்தார்.

"மதாம் மலர், மூடிய இடத்தில் உங்களுக்குப் பயமா?"

"இல்லை."

ஊரில், குண்டு போடும் விமானச் சத்தம் கேட்டால் பதுங்கு குழிக்குள் ஓடி இறங்கிய காலம் எனக்கு உண்டு. அதை அவருக்கு விளக்க அப்போது என்னிடம் பிரெஞ்சு இல்லை. "இல்லை" என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது.

அந்த வாய்க்குப் பிரெஞ்சில் இருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் "ஆள் துளை" என்று வரும். ஆள் என்பதற்கும் ஆண் என்பதற்கும் அந்த மொழியில் ஒரே சொல். பட்டறையில் அந்தத் துளைக்குள் சிரமமில்லாமல் போய்வந்த ஒரே ஆள் நான்தான். என் மைத்துனி வீட்டுக்கு வந்து, "உது ஆம்பிளையள் செய்யிற வேலையெல்லோ?" என்று முகத்தைச் சுளித்தபோது என் கணவர் சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "அந்த ஓட்டைக்குள்ளை போகக்கூடிய ஆம்பிளை ஒருத்தரும் அங்கை இல்லையாம். என்ன செய்யிறது?"

பயிற்சி, வகுப்பு, பரீட்சை எல்லாம் நடந்தன. பிரெஞ்சும் அதனோடு சேர்ந்தே வந்தது. அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. களைத்துப்போய் வீட்டுக்கு வருவேன், பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருப்பவர் டீசல் மணத்துக்கு எழும்பிப் போவார், நான் இரண்டு இருக்கையில் வசதியாக இருந்து வருவேன்.

உள்ளே இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் டீசல் முழுவதையும் இறைத்து எடுக்க வேண்டும். வாயைத் திறந்து, காற்றூதி வைத்துத் தாங்கிக்குள் நல்ல காற்றை விட வேண்டும். காற்றைச் சோதிக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கி, மேலே, நடுவே, அடியில் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மேலே நல்ல காற்று இருந்தால் அடியிலும் இருக்கும் என்று நம்பக்கூடாது. உடம்பில் பட்டி கட்டி, கயிற்றை வெளியே நிற்பவரின் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அடியில் படிந்திருக்கும் கறுத்த சளியைச் சுரண்ட இரும்பு எதுவும் கொண்டு போகக்கூடாது, பொறி பறக்கும். மரச் சுரண்டிதான்.

வெளியே நிற்பவர் ஒரு கணமும் விலகக்கூடாது. என் கயிற்றைப் பிடித்தவர் அந்துவான். புதுச்சேரிக்காரர், கிறிஸ்தவர், என் வயதுதான். வான் ஓட்டுவதும் அவர்தான். நான் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் அவர் வெளியிலிருந்து பேசிக்கொண்டே இருப்பார். தங்கச்சி கல்யாணத்தில் பிரியாணி அடிப்பிடித்த கதை, மாமனார் வீட்டு நாய் கடித்த கதை. ஒவ்வொரு கதைக்கும் நான் உள்ளேயிருந்து "ஓம்" என்று சொல்ல வேண்டும். "ஓம்" வரவில்லை என்றால் கயிற்றை இழுப்பார். ஒருமுறை கதை அவ்வளவு அலுப்பாக இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. சேறும் சகதியுமாக என்னை வெளியே இழுத்துப்போட்டுவிட்டு, "அலுப்பா இருந்தாலும் ஓம் சொல்லுங்க மலரம்மா, என் உசுரு போயிடிச்சி" என்றார்.  அதற்குப் பிறகு நான் ஒரு கதையையும் தவறவிடவில்லை.

மதாம் ஒதிலின் முறை ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்தப் பண்ணைக்குப் போனாலும் அவர் முதலில் தாங்கியைத் தொடமாட்டார். கமக்காரரோடு கைகுலுக்கிவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, தாங்கியைச் சுற்றி ஒருமுறை மெதுவாக நடப்பார். மழையானாலும் நடப்பார். அவர் நடந்து முடியும்வரை வானிலிருந்து ஒரு திருகுச் சாவியைக்கூட இறக்க எங்களுக்கு அனுமதியில்லை. முடிந்ததும் எங்கள் பக்கம் திரும்பிக் கேட்பார். எதன்மேல் நிற்கிறது? எதன் வழியாக மூச்சு விடுகிறது? உடைந்தால் எந்தப் பக்கம் ஓடும்?

மூச்சு என்று அவர் சொன்னது தாங்கியின் மேலே வளைந்து நிற்கும் காற்றுக் குழாயை. டீசல் வெளியே போகும்போது அந்தக் குழாய் வழியாகத்தான் காற்று உள்ளே வர வேண்டும். ஒரு பண்ணையில் குளவி அதற்குள் கூடு கட்டி அடைத்துவிட்டது. காற்றுப் போகாத தாங்கியிலிருந்து பம்ப் டீசலை இழுக்க இழுக்க, அந்தப் பெரிய இரும்பு வயிறு ஒட்டி உள்ளே போய்க் கிடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சின்னக் குளவி செய்த வேலை.

மதாம் ஒருபோதும் குரலை உயர்த்தியதில்லை. யாராவது பதில் தெரியாமல் நின்றால் திட்டமாட்டார். "இன்னொரு தரம் நடந்து பாருங்கள்" என்பார், அவ்வளவுதான். திட்டு வாங்குவது இதைவிடச் சுகம் என்று அந்துவான் சொல்வார்.

இனி லூசியனின் தாங்கிக்கு வருகிறேன்.

அது ஒரு ஜூலை மாதம். மழைக்குப் பிறகு நாலைந்து நாள் நல்ல வெயில் அடித்து, கோதுமை அறுக்கப் பதமாகியிருந்த நேரம். மறுபடி மழை வரப்போகிறது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. லூசியன் எழுபது தாண்டிய கமக்காரர், தனி ஆள். அவருடைய அறுவடை இயந்திரம் வயலின் நடுவில் நின்றுவிட்டது. வடிகட்டியை மாற்றினால் கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி நிற்கும். கழற்றிய வடிகட்டிகள் எல்லாம் கறுத்துச் சளி பிடித்திருந்தன. டீசல் விற்றவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் கொதித்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்திய கிழமைதான் தாங்கியை நிரப்பியிருந்தார்கள். வடிகட்டும் இயந்திரத்தைக் கொண்டுபோய், தாங்கியில் இருக்கும் டீசலை அங்கேயே சுற்றவிட்டுச் சுத்தப்படுத்திக் கொடுக்கும்படி மதாம் என்னையும் அந்துவானையும் அனுப்பினார். மத்தியானத்துக்குள் முடியும் வேலை என்றுதான் நினைத்துப் போனோம்.

லூசியன் வாசல் படலையிலேயே காத்துக்கொண்டு நின்றார். கையில் ஒரு கண்ணாடிச் சாடி.

"தண்ணீர் கலந்திருக்கிறது என்று சொல்லப்போகிறீர்கள், தெரியும். என் தாங்கியில் தண்ணீர் கிடையாது. ஒவ்வொரு இலையுதிர் காலமும் அடிக்குழாயைத் திறந்து பார்ப்பவன் நான். இப்போதும் பாருங்கள்."

தாங்கியின் முன்பக்க அடியில் இருந்த குழாயைத் திறந்து சாடியில் பிடித்தார். கண்ணாடி போலத் தெளிந்த சிவப்பு டீசல். வரி குறைந்த ட்ரக்டர் டீசலுக்கு இங்கே சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள், சாலை வாகனத்துக்கு ஊற்றினால் பிடிபட. அந்தச் சாடியில் ஒரு துளி தண்ணீரும் இல்லை. தண்ணீர் டீசலைவிடப் பாரம், அடியில்தான் நிற்கும். அடிக்குழாயில் வரவில்லை என்றால் தாங்கியில் இல்லை என்றுதான் யாரும் சொல்வார்கள். அந்த மனிதர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறவர் என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினேன்.

கொட்டிலின் சுவரோரமாக, இரண்டு செங்கல் மேடைகளின் மேல் படுத்திருந்த பழைய இரும்புத் தாங்கி அது. ஒற்றைச் சுவர். முன்மேடை காய்ந்து உறுதியாக இருந்தது. பின்மேடையை மறைத்துக்கொண்டு தொட்டால் சொறியும் காஞ்சோண்டி ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. கையுறையைப் போட்டுக்கொண்டு அதை விலக்கினேன். வெயில் அடித்த நாட்களுக்குப் பிறகும் அங்கே நிலம் ஈரமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். தண்ணீர் வடியும் கூரைப் பீலியின் குழாய் உடைந்து, நேராக அந்த மேடையின் காலடிக்கு வாயைக் காட்டிக்கொண்டிருந்தது. எத்தனை வருட மழைத் தண்ணீரோ.

மேடையின் காரையில் என் விரல் போகும் அளவுக்கு ஒரு வெடிப்பு. ஆனால் என்னை நிறுத்தியது அந்த வெடிப்பு அல்ல. வெடிப்புக்குக் கீழே இருந்த காஞ்சோண்டி இலைகளின் மேல் புதிதாகச் சிவந்த செங்கல் தூள் உதிர்ந்திருந்தது. மழை பெய்திருந்தால் அது கழுவுப்பட்டுப் போயிருக்கும். அதாவது, மழைக்குப் பிறகு விழுந்த தூள். தாங்கியை நிரப்பிய பிறகு அந்த மேடை அசைந்திருக்கிறது. இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது.

வானுக்குப் போய் நீர்மட்டத்தை எடுத்து வந்தேன். மேசன்மார் சுவரில் வைத்துப் பார்ப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடும் அந்தக் கட்டை. தாங்கியின் முதுகில் வைத்தேன். குமிழி முன்பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது. தாங்கி பின்பக்கமாகச் சாய்ந்திருந்தது. பின்பக்க மூடியைத் திறந்து, தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசையைத் தடவிய அளவுக்கோலை இறக்கினேன். வெளியே எடுத்தபோது கீழே ஒரு சாண் உயரத்துக்கு நிறம் மாறியிருந்தது. அப்படித் தேங்கிய தண்ணீரில்தான் கறுத்த சளி வளரும்; டீசலை உறிஞ்சும் குழாயும் அந்தப் பக்கம்தான்.

லூசியன் அந்தக் கோலைப் பார்த்தார். 

"சரி, தண்ணீர் இருக்கிறது. எடுத்துவிட்டு வடிகட்டுங்கள்" என்றார் கடைசியில். "எனக்கு இன்றைக்கு டீசல் வேண்டும்."

"இந்தத் தாங்கி நிரம்பியிருக்கும்போது என் இயந்திரத்தை இதில் கொழுவமாட்டேன். மணிக்கணக்காக அதிரும். மேடை தாங்காது. முதலில் வெறுமையாக்க வேண்டும்."

"நான் உங்களைக் கூப்பிட்டது டீசலைச் சுத்தம் செய்ய. செங்கல்லைப் பார்க்க இல்லை! வெறுமையாக்கி எங்கே ஊற்றுவது? என் தொப்பிக்குள்ளேயா? மழை வருகிறது மதாம். வருடம் முழுக்க உழைத்தது வயலில் நிற்கிறது."

அவர் சொன்னதில் பிழையில்லை. அந்துவான் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டார்.

"மலரம்மா, ஆளு ரொம்பக் கோவமா இருக்காரு. பத்ரோன் மதாமுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க. நாளைக்கு இன்னா ஆனாலும் பழி நம்ம மேல வரக்கூடாதுங்க."

மதாமை அழைத்துச் சொன்னேன்.  மறுமுனையில் அதே கேள்விகள். எதன்மேல் நிற்கிறது? செங்கல் தூளைச் சொன்னேன். உடைந்தால் எந்தப் பக்கம் ஓடும்? திரும்பிப் பார்த்தேன். புல்தரை சரிந்து ஒரு வாய்க்காலுக்குப் போனது. வாய்க்கால் கீழே ஒரு குளத்தில் போய் விழுந்தது. குளத்தில் பக்கத்துப் பண்ணையின் மாடுகள் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றன.

"நீங்கள் என்ன செய்ய நினைக்கிறீர்கள்?"

"வெறுமையாக்க நினைக்கிறேன்."

"எங்களிடம் இன்றைக்கு வெற்றுத் தாங்கி ஊர்தி இல்லை. எல்லாம் வெளியே நிற்கிறது." பிறகு சொன்னார். "மதாம் மலர், அங்கே நிற்பது நீங்கள். நான் அல்ல. நீங்கள் தீர்மானியுங்கள். ஏதும் பிழையாகப் போனால் மதாம் ஒதில் சொல்லித்தான் செய்தேன் என்று சொல்லிவிடுங்கள்."

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அந்தக் குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் குளத்துக்கு அப்பால் அந்தப் பண்ணையின் கொட்டில் பக்கத்தில் வெள்ளையாக ஒன்று கண்ணில் பட்டது. புதிய இரட்டைச் சுவர்த் தாங்கி. நல்ல பெரியது.

"அது யாருடையது?" என்று லூசியனைக் கேட்டேன்.

"ஜெராருடையது. அவனிடம் போகக்கூடாது."

எல்லையில் நின்ற மரங்களை வெட்டிய விசயத்தில் தொடங்கிய கோபமாம். வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. "அவனிடம் கேட்பதைவிட என் கோதுமை வயலிலேயே முளைக்கட்டும்" என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. வயல் பாதையால் நடந்து போனேன்.

ஜெரார் ஐம்பது வயதுக்காரர், பெரிய தொந்தி, சட்டைக் கை முழங்கைக்கு மேலே மடித்திருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"லூசியன் உங்களை அனுப்பினாரா? நம்பமாட்டேன்."

"அவர் அனுப்பவில்லை. போகக்கூடாது என்றார்."

"பிறகு நான் எதற்கு அவருடைய டீசலை வைத்திருக்க வேண்டும்?"

"அவருக்காக நான் கேட்கவில்லை முசியே. அந்த மேடை விழுந்தால் டீசல் அந்தப் புல்தரையால் இறங்கி, வாய்க்காலால் வந்து, உங்கள் குளத்தில்தான் நிற்கும். உங்கள் மாடுகள் இப்போது அங்கேதான் நிற்கின்றன."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குளத்துப் பக்கம் பார்த்தார். வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டார். பிறகு கொட்டிலுக்குள் போய் ட்ரக்டரைக் கிளப்பினார். பின்னால் சில்லு பூட்டிய சின்னத் தாங்கி ஒன்று கொழுவியிருந்தது. "என் தாங்கியில் பாதிக்கு மேல் இடம் இருக்கிறது. ஆனால் அவருடைய படலைக்குள் நான் போனால் வேட்டைத் துவக்கை எடுப்பார். அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.

நான் முன்னால் நடந்தேன், ஜெராரின் ட்ரக்டர் பின்னால் ஊர்ந்து வந்தது. லூசியன் படலையில் நின்றுகொண்டிருந்தார்.  அவர் ட்ரக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேகம் கட்டத் தொடங்கியிருந்த மேற்குப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு படலையை அகலத் திறந்து கல்லால் அண்டை கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

"போங்க போங்க, மனசு மாறறதுக்குள்ள" என்றார் அந்துவான்.

தாங்கியிலிருந்து தள்ளி இயந்திரத்தை நிறுத்தி, குழாயை மட்டும் மேலிருந்து இறக்கினோம். அடித்தண்ணீரைக் கலக்காமல், மேலே இருந்த டீசலை மெதுவாக இழுத்து, வடிகட்டியினூடாக ஜெராரின் வண்டியில் நிரப்பினோம். முதல் நடை நேராக வயலுக்குப் போனது. வடிகட்டிய டீசலை அறுவடை இயந்திரத்தில் ஊற்றி, புது வடிகட்டி போட்டு, வீட்டின் பின்வழியால் வந்துவிட்ட லூசியன் கிளப்பினார். நாங்கள் தாங்கியை இறைத்துக்கொண்டிருக்க, மேட்டு வயலில் கோதுமை அறுபடும் சத்தம் கேட்கத் தொடங்கியது. அந்தச் சத்தம் ஒருமுறையும் நிற்கவில்லை. ஜெரார் போவதும் வருவதுமாக இருந்தார். ஒவ்வொரு தரமும் வரும்போது அந்த வெடிப்பைக் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

தாங்கியில் கால்வாசியும் இல்லை என்ற நேரத்தில் அது நடந்தது. காய்ந்த தடி முறிகிற மாதிரி ஒரு சத்தம். நான் அந்துவானைப் பார்த்துக் கையைக் காட்டினேன், அவர் பம்பை நிறுத்தினார். பின்மேடை இடிந்து, தாங்கி பின்பக்கமாக அமர்ந்து, மெதுவாகப் புரண்டு, கொட்டில் சுவரில் சாய்ந்து நின்றது. குழாயை இறக்கிய வாயைத் துணியால் அடைத்து, மற்ற மூடிகளை நாங்கள் ஏற்கனவே இறுக்கியிருந்தோம். பாரமும் இல்லை. குழாயிலிருந்து சிந்திய கொஞ்சத்தை மரத்தூள் போட்டு அள்ளினோம். அவ்வளவுதான்.

ஜெரார் ட்ரக்டரிலிருந்து இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்துவான் சிலுவை போட்டுக்கொண்டார். நான் நிலத்தில் குந்திவிட்டேன். பயத்தில் அல்ல. பயப்பட இனி ஒன்றும் இல்லை என்பதனால்.

பொழுதுபடுகிற நேரம் லூசியன் வயலிலிருந்து வந்தார். உடம்பு முழுக்கத் தூசி. சுவரில் சாய்ந்து கிடந்த தாங்கியை வெகுநேரம் பார்த்தார். பிறகு முன்பக்கத்து அடிக்குழாயைத் தொட்டார்.

"ஒவ்வொரு வருடமும் திறந்தேன்" என்றார்.  "ஒருமுறையும் தவறவிடவில்லை."

"உங்கள் கையில் பிழையில்லை முசியே. பின்னால் நிலம் இறங்கிவிட்டது. தண்ணீர் அங்கே போய்விட்டது. குழாய் தன் இடத்திலேயே நின்றது. நீங்கள் அதைத்தான் திறந்தீர்கள்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மாதிரிப் பண்ணை மனிதர்கள் நன்றி என்று சொல்வதில்லை. என் கை அவர் கைக்குள் இருந்தது, அது போதும். அடுத்த நாளும் அறுத்தார். மழை வந்தபோது கோதுமை முழுவதும் களஞ்சியத்துக்குள் இருந்தது.

அதற்குப் பிறகு இருவரும் நண்பர்களானார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஆனால் இலையுதிர் காலத்தில் நான் போனபோது லூசியன் ஒரு கூடை அக்ரோட்டுக் கொட்டையைத் தந்து, "அந்தப் பக்கம் போனால் கொடுத்துவிடுங்கள்" என்றார். ஜெரார் ஒரு பாற்கட்டியைத் துணியில் சுற்றித் தந்து, "அந்தக் கிழவனிடம் கொடுங்கள்" என்றார். கூப்பிடு தூரத்துக்கு நான் தபால்காரி.

புதிய தாங்கியை வைக்கும் நாளில் மதாம் ஒதில் தானே வந்தார். சீமெந்துத் தளம் காய்ந்திருந்தது, பீலியையும் திருத்தியாயிற்று. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு புதிய தாங்கியைச் சுற்றி நடந்தார். பிறகு கொட்டிலுக்குப் பின்னால் போட்டிருந்த பழைய செங்கற்களைச் சப்பாத்து நுனியால் தட்டிப் பார்த்தார். லூசியன் அவரிடம் வந்து, "அன்றைக்கு நல்ல தீர்மானம் எடுத்தீர்கள் மதாம்" என்றார். பிழையாகப் போனால் மதாம் ஒதில் பெயரைச் சொல்லும்படிதானே எனக்குக் கட்டளை. சரியாகப் போனால் யார் பெயரைச் சொல்வது என்று நாங்கள் பேசியிருக்கவில்லை.

"நான் எடுக்கவில்லை" என்றார் மதாம். "நான் அலுவலகத்தில் இருந்தேன். அது மதாம் மலரின் தீர்மானம்." எங்கள் ஆட்கள் எல்லோரும் நிற்கையில், எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார்.

இத்தனை வருட வேலையில் எனக்குப் பதக்கமும் கிடைத்தது, பாராட்டுக் கடதாசியும் கிடைத்தது. அவை அலுமாரிக்குள் கிடக்கின்றன. அந்த ஒரு வசனம் மட்டும் இன்றைக்கும் மெத்ரோ ரயிலில் தனியாக இருக்கும்போது காதில் கேட்கும், என்னை அறியாமல் முதுகு நிமிரும்.

அதற்குப் பிறகு மதாம் ஒரு விதி கொண்டுவந்தார். சுற்றி நடந்து முடிந்ததும், எதையும் திறப்பதற்கு முன், நீர்மட்டத்தைத் தாங்கியின் முதுகில் வைத்துப் பார்க்க வேண்டும். பட்டறைப் பொடியன்கள் அதற்கு என் பெயரையே வைத்துவிட்டார்கள். "லா மலார் பார்த்தாச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்பார்கள். மலர் அவர்கள் வாயில் மலார். முதலில் பகிடியாகத்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது.

காலம் போனது. மதாம் ஒதில் ஓய்வு பெற்றார். பட்டறையை ஒரு பெரிய நிறுவனம் தன்னோடு சேர்த்துக்கொண்டது. நான் ஓய்வு பெற்ற வருடத்து வேனிலில், வேறு மாகாணத்துக் கிளையிலிருந்து ஒரு பெண் ஒருநாள் வேலைக்கு எங்களோடு வந்தாள். பெயர் நாதியா, நாற்பது வயதிருக்கும், கெட்டிக்காரி. என் குடும்பப் பெயர் மட்டும்தான் அவளுக்குத் தெரியும். பண்ணையில் வானிலிருந்து இறங்கித் தாங்கியைச் சுற்றி நடந்து வந்தவள், என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"மதாம், லா மலார் பார்த்தாச்சா?"

எனக்குப் பின்னால் அந்துவான் இருமினார்.

"அது என்ன, லா மலார்?" என்றேன்.

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். இத்தனை வருடம் வேலை செய்தவளுக்கு இது தெரியாதா என்ற பார்வை. பிறகு பொறுமையாக, மரியாதையாக விளக்கினாள். நீர்மட்டத்தைத் தாங்கியின் முதுகில் வைத்து, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பது. அது தெரியாமல் அடிக்குழாயை நம்பக்கூடாது. அவளுடைய கிளையிலும் பயிற்சியில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்களாம்.

"பழைய தொழில் சொல் மதாம். யாரோ ஒரு எஞ்சினியரின் பெயராக இருக்க வேண்டும்."

"இருக்கலாம்" என்றேன்.

அந்துவான் வானுக்குப் பின்னால் போய்விட்டார், அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. நான் நீர்மட்டத்தை எடுத்துத் தாங்கியின் முதுகில் வைத்தேன். குமிழி கொஞ்சம் அலைந்து, நடுவில் வந்து நின்றது.

"பார்த்தாச்சு" என்றேன். "நேராக நிற்கிறது. நீங்கள் திறக்கலாம்."